அடிக்கல, ஆனா விடவும் மாட்டேங்கிறார்: தங்கச்சியை எந்த வரிசையில வெளிய கொண்டு வர்றது?

காவிரிக்கரை (கேள்வி)

தங்கச்சிக்காகக் கேட்கிறேன். வயசு 29, ஈரோடு. கல்யாணமாகி அஞ்சு வருஷம், மூணு வயசுல பொண்ணு. தனியார் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலை, சம்பளம் 24,000.

மாப்பிள்ளை ஒரு நாளும் கை நீட்டினதில்ல. ஆனா சம்பள ஏ.டி.எம். கார்டு அவர்கிட்ட. சிம் அவர் பேர்ல. தினமும் ராத்திரி போனை வாங்கிப் பார்ப்பார். தோழிகள், எங்க பெரியம்மா வீடுன்னு ஒவ்வொரு உறவா வெட்டி விட்டாச்சு. நேத்து சொன்னதை இன்னைக்கு "நான் சொல்லவே இல்ல, உனக்குத்தான் மறதி"ன்னு சாதிப்பார். இவளும் இப்ப தன் ஞாபகத்தையே நம்பறதில்ல.

14 பவுன்ல 9 பவுன் இவ பேர்ல வங்கி நகைக்கடன்ல இருக்கு. மீதி 5 மாமியார் பீரோல. அவருடைய சிநேகிதர் ஃபைனான்ஸுக்கு இவகிட்ட கையெழுத்து வாங்கி ரெண்டு வெத்துக் காசோலை கொடுத்திருக்கார்.

"போறேன்"னு மூணு தடவை சொல்லிட்டா. முதல் தடவை காலில விழுந்தார். ரெண்டாவது தடவை செத்துருவேன்னு கதவைப் பூட்டிக்கிட்டார். மூணாவது தடவை "பாப்பாவை மறந்துரு"ன்னார். ஒவ்வொரு தடவையும் அடங்கிட்டா. இப்ப மனசு உறுதியா இருக்கு, திருச்சியில என்கிட்ட வரச் சம்மதம். எதை முதல்ல செய்யணும், எது கடைசி, எங்க வழக்கமா சறுக்கும்? விவரமா சொல்லுங்க.

---

கருவேலம்

முதல் விஷயம், மூணு தடவையும் அவ தோத்தது மனசு பலவீனத்தால இல்ல. ஏற்பாடு செய்யறதுக்கு முன்னாடியே அறிவிச்சதால. இந்த மாதிரி ஆள்கிட்ட "போறேன்"னு சொல்றது அவருக்குக் கொடுக்கிற அவகாசம். அழுகை, மிரட்டல், குழந்தை, உறவுக்காரங்கன்னு எல்லா ஆயுதத்தையும் எடுக்க அது போதும். இந்தத் தடவை அவ போனது அவருக்குத் தெரிய வேண்டியது, அவ போய்ச் சேர்ந்த பிறகு. அதுவரைக்கும் ஒரு சண்டையில கூட வாய் தவறி வந்துடக் கூடாது. "ஏன் அமைதியா இருக்கே"ன்னு சந்தேகம் வர்ற அளவுக்குத் திடீர்னு மாறவும் கூடாது. வழக்கமா எதுக்குச் சலிச்சுக்குவாளோ அதுக்குச் சலிச்சுக்கட்டும்.

அடுத்தது, அவருக்குப் புரிய வைக்கணுங்கிற ஆசையை விட்டுடச் சொல்லுங்க. நிறைய பேர் இங்கதான் வருஷக்கணக்கா மாட்டிக்கிறாங்க. "ஒரு தடவை தெளிவாப் பேசிட்டா ஒத்துக்குவார்"னு நினைப்பாங்க. ஒத்துக்கிட்டா பிடி போயிடும்னு அவருக்குத் தெரியும், அதனால ஒத்துக்க மாட்டார்.

உங்க கணக்குக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம் வச்சுக்கோங்க. வரிசை இப்படி:

முதல் வாரம்: உங்க பேர்ல வாங்கின சிம், ஒரு சாதாரண ஸ்மார்ட்போன். அது ஆபீஸ் மேஜை டிராயர்லயே இருக்கட்டும், வீட்டுக்குள்ள வரவே கூடாது. அதுல புது மின்னஞ்சல்.

ரெண்டாவது வாரம்: இப்ப கணக்கு இருக்கிற வங்கி வேண்டாம், வேற வங்கியில புதுக் கணக்கு. சரிபார்ப்புக்கு ஆதாருக்குப் பதிலா வாக்காளர் அட்டையும் பான் கார்டும் கொடுக்கட்டும். ஆதார்ல மின்னஞ்சல் பதிவாகியிருந்தா ஒவ்வொரு கைரேகைச் சரிபார்ப்புக்கும் அந்த மெயிலுக்குத் தகவல் போகும், அந்த மெயில் யார் கையில இருக்குன்னு பாருங்க. ஏ.டி.எம். கார்டும் காசோலைப் புத்தகமும் தபால்ல வீட்டுக்கு வந்து நின்னு காட்டிக் கொடுக்கும். "கிளையிலேயே வாங்கிக்கிறேன்"னு எழுதிக் கொடுங்க, இல்லன்னா தபால் முகவரியா உங்க திருச்சி வீட்டைக் கொடுங்க.

மூணாவது வாரம்: காகிதங்கள். 10, 12, பட்டப்படிப்புச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை ஒண்ணு, ரெண்டு போட்டோ, பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, இருந்தா பாஸ்போர்ட். ஒரே நாள்ல ஃபைலைத் தூக்காதீங்க. நாளைக்கு ரெண்டு தாள், ஆபீஸ் பையில. எடுத்த ஒவ்வொரு தாளுக்கும் பதிலா ஜெராக்ஸை அதே பிளாஸ்டிக் கவர்ல வச்சுடணும். ஃபைல் கனம் குறையாது, புரட்டிப் பார்த்தாலும் தெரியாது.

சம்பளக் கணக்கு மாத்தறது கடைசி. புதுக் கணக்கு எண்ணை ஹெச்.ஆர்.கிட்ட எப்ப கொடுத்தா எந்த மாசச் சம்பளத்துல மாறும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். முதல் சம்பளம் புதுக் கணக்குல விழுறப்ப அவ திருச்சியில இருக்கணும். ஒரு மாசம் முன்னாடி விழுந்தா, சம்பள எஸ்.எம்.எஸ். வரலேன்னு அன்னைக்குச் சாயங்காலமே விசாரணை தொடங்கிடும்.

கிளம்புற நாள்: அவர் வேலைக்குப் போற சாதாரண வேலை நாள். பண்டிகை ஒட்டி வேண்டாம், வீடு நிறைய ஆள் இருக்கும். ஒரே பை. பாப்பாவை அன்னைக்கு யார் எங்கேர்ந்து கூட்டிட்டு வர்றதுன்னு முன்னாடியே முடிவாகி இருக்கணும். எல்லாம் சரியாப் போய் பாப்பா மட்டும் அவர் வீட்ல மாட்டிக்கிட்டா, பாதி பேர் அங்கதான் திரும்பிப் போறாங்க.

ஒரு விதிவிலக்கு. இதுவரைக்கும் அடிக்கலேன்னு சொல்றீங்க. இந்த வாரங்கள்ல கழுத்துல கை வச்சாலோ, ஆயுதத்தைக் காட்டினாலோ, பின்தொடர ஆரம்பிச்சாலோ இந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுட்டு அன்னைக்கே கிளம்பணும். கழுத்தை நெரிக்கிறது அடுத்து உயிருக்கே ஆபத்து வரலாம்ங்கிறதுக்கு அடையாளம். 181 பெண்கள் உதவி எண், அவசரம்னா 112.

---

நூல்கண்டு

போன் பகுதியை நான் சொல்றேன். இதுல நல்லெண்ணத்தோட செய்யற ஒரு தப்பு இருக்கு. தெரிஞ்ச தம்பி யாராவது "கொண்டாக்கா, சுத்தம் பண்ணித் தர்றேன்"னு பழைய போன்ல இருக்கிற வேவு ஆப்பை எடுத்துடுவாங்க. எதிர்ப்பக்கம் உடனே இருட்டாயிடும், அவருக்குத் தெரிஞ்சுடும். வாட்ஸ்அப்ல "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியில அவர் லேப்டாப் இருந்தா, அதை வெளியேத்தினாலும் அதே கதை. கிளம்புற நாள் வரைக்கும் பழைய போன் இருந்தபடியே இருக்கட்டும். அதுல எதையும் தேடாதீங்க, இந்தத் திரியைக்கூட அதுல படிக்க வேண்டாம். புது சிம்மைப் பழைய போன்ல ஒரு நிமிஷம்கூடப் போடாதீங்க. புது போன்ல பழைய ஜிமெயிலைத் திறக்காதீங்க. திறந்தா அந்தப் போனோட பேர் அவர் பார்க்கிற சாதனப் பட்டியல்ல வந்துடும், தொடர்புகள் எல்லாம் ஒத்திசைஞ்சுடும்.

இடத்தைக் காட்டிக் கொடுக்கிற இடங்கள், பலரும் மறக்கிறதை மட்டும் சொல்றேன்:

கூகுள் மேப்ஸ் இருப்பிடப் பகிர்வு. ஜிமெயில்ல தானியங்கி ஃபார்வர்டிங். உணவு, மளிகை, ஷாப்பிங் ஆப்கள்: கணக்கு ஒண்ணா இருந்தா புது முகவரி சேர்த்த அடுத்த நிமிஷம் அவர் திரையிலயும் தெரியும். ரயில் டிக்கெட் ஐ.டி. பொதுவா இருந்தா, பி.என்.ஆர். அவர் போனுக்குப் போகும். அதனால பஸ், இல்லன்னா முன்பதிவில்லாத டிக்கெட்டைக் கவுண்டர்ல காசு கொடுத்து. கார்ல போனா ஃபாஸ்டேக் யார் எண்ணுல பதிவாகியிருக்குன்னு பாருங்க. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலயும் பேர், நேரத்தோட எஸ்.எம்.எஸ். போகும். ஸ்கூட்டர்ல வந்தா சீட்டுக்கு அடியில, பேட்டரி பக்கத்துல தீப்பெட்டி அளவுல புதுசா ஏதாவது ஒயரோட ஒட்டியிருக்கான்னு ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. பாப்பாவோட பை, பொம்மையும் பாருங்க. ஆண்ட்ராய்டு போன் அமைப்புகள்ல "பாதுகாப்பு & அவசரநிலை" பகுதியில தெரியாத டிராக்கர் எச்சரிக்கை இருக்கு, புது போன்ல அதை ஓட விடுங்க. ஐபோன்னா "சேஃப்டி செக்"னு ஒரு பகுதி இருக்கு, யார் யாருக்கு எதெல்லாம் பகிர்ந்திருக்குன்னு ஒரே இடத்துல காட்டும்.

சிம் அவர் பேர்ல இருக்கிறதுதான் உண்மையான ஆபத்து. அவர் அடையாள அட்டையைக் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கினா, இவளோட வங்கி ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போயிடும். ஆதார்ல பதிவாகியிருக்கிற மொபைல் எண்ணை மாத்த பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. தேவையில்ல. ஆதார் மையத்துல நேர்ல போய்க் கைரேகை வச்சாப் போதும். பழைய வங்கிக் கணக்குல எண்ணை மாத்தறது கிளையில படிவம் கொடுத்து. ரெண்டையும் கடைசி ரெண்டு மூணு நாளுக்குள்ள வச்சுக்கோங்க, பழைய எண்ணுக்குத் தகவல் போகும்னே எடுத்துக்கோங்க. தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல இவ பேர்ல எத்தனை இணைப்பு ஓடுதுன்னும் பார்த்துடுங்க, தெரியாத எண் இருந்தா அங்கயே புகார் பண்ணலாம்.

கிளம்பினதும் பழைய போனை ஈரோட்டுலயே அணைச்சுடணும். கரூர் தாண்டி அணைச்சா எந்தப் பக்கம் போனான்னு கடைசி இருப்பிடமே சொல்லிடும். அணைச்ச போனைத் தூக்கி எறியாதீங்க, அழிக்கவும் வேண்டாம். மிரட்டல் மெசேஜ் எல்லாம் அதுலதான் இருக்கு. ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தா எதிர்த்தரப்பு "போலி"ன்னு சொல்லும். நீதிமன்றத்துல மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்று வேணும், அதுக்கு மூலப் போன் கையில இருந்தா வேலை எளிது. கணவன் மனைவி பேச்சை ஒருத்தர் ரகசியமாப் பதிவு பண்ணினதை மணமுறிவு வழக்குல சாட்சியமா ஏத்துக்கலாம்னு 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதுக்காக இப்ப வீட்ல பதிவு பண்ணி மாட்டிக்க வேண்டாம், இருக்கிறதைக் காப்பாத்தினாப் போதும்.

---

பவானிக்கூடல்

நகையும் காசோலையும் தனியாப் பார்க்க வேண்டியவை.

9 பவுன் இவ பேர்ல வங்கியில இருக்கிறது ஒருவகையில நல்லதுதான். கடன்தாரர் கையெழுத்து இல்லாம வங்கி யார்கிட்டயும் நகையைத் தராது. சறுக்கறது வேற இடத்துல: தவணை தேதி தாண்டினா ஏல அறிவிப்பு ஈரோட்டு முகவரிக்குத்தான் போகும். அவர் அதைப் பிரிச்சுப் பார்த்துட்டுச் சும்மா இருந்தாப் போதும், நகை ஏலத்துக்குப் போயிடும். அதனால நகைக்கடன் அட்டையைப் படம் எடுத்து, முடியுற தேதியைக் குறிச்சுக்கோங்க. கிளம்பின மறுநாளே தபால் முகவரியையும் மொபைல் எண்ணையும் மாத்தச் சொல்லி எழுத்துல கொடுங்க. மொத்தமா மீட்கப் பணம் இல்லன்னா வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமான்னு கிளையில கேளுங்க.

மாமியார் பீரோல இருக்கிற 5 பவுனுக்காகப் பயணத்தைத் தள்ளிப் போடாதீங்க. அதை எடுக்கப் போய்த்தான் திட்டமே வெளிய வரும். பொண்ணு வீட்ல போட்ட நகை அவளுடைய சொந்தச் சொத்து, கணவன் வீட்ல இருந்தாலும் அவங்க வெறும் பொறுப்பாளிங்கதான்னு 1985லயே உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு. திருப்பித் தர உத்தரவு வாங்கலாம். அதுக்கு வேண்டியது ஒரு பட்டியல்: எந்த நகை, எத்தனை பவுன், யார் போட்டது, கல்யாண ஆல்பத்துல எந்தப் படத்துல தெரியுது. உங்க வீட்ல கடை ரசீது இருந்தா தேடி எடுங்க.

வெத்துக் காசோலைதான் எனக்கு அதிகக் கவலை. தொகை, தேதி எதுவும் எழுதாம கையெழுத்து மட்டும் போட்டது எப்ப வேணும்னாலும் வங்கிக்கு வரும். "ஸ்டாப் பேமென்ட் கொடுத்துட்டாப் போதும்"னு சொல்வாங்க, போதாது. ஸ்டாப் பேமென்ட்னால திரும்பின காசோலைக்கும் 138ஆம் பிரிவு வழக்கு (காசோலை திரும்பினா போடற குற்ற வழக்கு) வரும். செய்ய வேண்டியது: பாஸ்புக், காசோலைப் புத்தக அடிக்கட்டையை வச்சு எந்த எண்கள் இல்லேன்னு கண்டுபிடிங்க. வக்கீல் மூலமா அந்த ஃபைனான்ஸுக்கு எழுதுங்க: இந்த எண்ணுள்ள காசோலைகள் எந்தக் கடனுக்கும் கொடுக்கப்பட்டவை இல்ல, எனக்கு உங்ககிட்ட பாக்கி இல்ல, திருப்பித் தரவும், இனி என் முகவரி வக்கீல் அலுவலகம். பிறகு வங்கியில நிறுத்தச் சொல்லுங்க.

முகவரி வரி ஏன் முக்கியம்னா, காசோலை திரும்பினா அவங்க 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கிடைச்ச 15 நாளுக்குள்ள இவ கட்டணும் அல்லது பதில் கொடுக்கணும். அந்த நோட்டீஸ் ஈரோட்டு வீட்டுக் கதவுக்குப் போச்சுன்னா, இவளுக்குத் தெரியறப்ப சம்மன் வந்திருக்கும்.

இவ பேர்ல தெரியாம வேற கடன் இருக்கான்னும் பாருங்க. சிபில் உட்பட நாலு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாத் தரணும். புது எண்ணுக்கு மாறின பிறகு எடுங்க. வருமான வரிக் கணக்கு அவர்தான் தாக்கல் பண்றார்னா அந்தத் தளத்தோட கடவுச்சொல்லை மாத்துங்க. புதுக் கணக்கோட வட்டி விவரம் அதுல ஏறும்.

---

தாழை

சட்டப் பக்கம். "அடிக்கல, அதனால கேஸ் நிக்காது" என்பது தவறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, உணர்வுரீதியான கொடுமையையும் பொருளாதாரக் கொடுமையையும் மூன்றாம் பிரிவிலேயே வன்முறை என்று சொல்கிறது. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், சீதனத்தைத் தராமல் வைத்திருப்பதும் அதற்குள் வரும்.

மனு போட ஈரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. 27ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே போடலாம். உங்கள் திருச்சி வீடு போதும். முதலில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போய் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவர் படிவம் 1இல் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவார், கட்டணம் கிடையாது. அங்கே "என்னை டார்ச்சர் செய்கிறார்" என்று சொன்னால் அறிக்கை வலுவிழந்து போகும். தேதி, செயல், விளைவு என்று சொல்ல வேண்டும்: "மார்ச் மாதச் சம்பளம் 24,000 வந்த அன்றே 23,000 எடுத்துவிட்டார், பாப்பாவின் மருந்துக்கு 300 கேட்டபோது தரவில்லை." இப்படிப் பத்து சம்பவங்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகட்டும்.

ஒரே மனுவில் கேட்கக் கூடியவை (அடைப்புக்குறியில் பிரிவு எண்): நேரிலோ போனிலோ வேறு ஆள் மூலமோ தொடர்பு கொள்ளக் கூடாது, வேலை இடத்துக்கு வரக் கூடாது (18), சீதனத்தைத் திருப்பித் தரவேண்டும் (19), செலவுக்குப் பணம் (20), குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு (21). 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். எதிர்த்தரப்பு வருமுன்பே பிரமாணப் பத்திரத்தின் பேரில் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் இடைக்கால உத்தரவு இல்லாமல் மனு போடுவது பயனற்றது என்கிறேன். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

குழந்தைக்கு மூன்று வயது என்பது உங்களுக்குச் சாதகம். இந்துக் குடும்பம் என்றால், ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம்தான் இருக்கவேண்டும் என்பது 1956 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பொறுப்பு உத்தரவு கைக்கு வரும் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் தந்தையைத் தடுக்க அவர்களிடம் காகிதம் எதுவும் இருக்காது. அதுவரை பாப்பா உங்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது.

வக்கீல் செலவு பயம் வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

அவர் தரப்பில் இருந்து அநேகமாக முதலில் வருவது "சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும்" என்ற மனு. யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போக முடியாது, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நோட்டீஸைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகிவிடும்.

---

காவிரிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜெராக்ஸ் விஷயமும் முகவரி விஷயமும் எனக்குத் தோணவே இல்ல. இன்னும் மூணு கேள்வி. செத்துருவேன்னு மறுபடி சொன்னா என்ன செய்யறது? நிஜமாவே ஏதாவது ஆயிட்டா என்னன்னு இவ நடுங்கறா. ரெண்டாவது, சில அந்தரங்கப் படங்கள் அவர் போன்ல இருக்கு. மூணாவது, மகளிர் ஸ்டேஷனுக்கு முதல்லயே போயிடலாமா?

---

கருவேலம்

செத்துருவேன்னு சொல்றது நிஜமா நடிப்பான்னு யோசிச்சுப் பார்க்கிற வேலை உங்க தங்கச்சிக்கு வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நிஜம்னே எடுத்துக்கிட்டு, உதவியை அனுப்புங்க. இவ மட்டும் போகக் கூடாது. மெசேஜ் வந்த நிமிஷமே 112க்கு முகவரி சொல்லுங்க. அவரோட அண்ணனுக்கோ அப்பாவுக்கோ அந்த மெசேஜை அப்படியே அனுப்பி, "9.40க்கு வந்தது, 112க்குச் சொல்லிட்டோம், நீங்க உடனே போங்க"ன்னு எழுதுங்க. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, அதையும் அவங்களுக்குக் கொடுங்க. உயிரைக் காப்பாத்த வேண்டியது ஆம்புலன்ஸும் வீட்டு ஆளும். நூத்தி நாற்பது கிலோமீட்டருக்குக் கிட்ட தள்ளி இருக்கிறவ ஓடி வந்து செய்யக்கூடியது அதுல எதுவும் இல்ல.

இவ ஏன் போகக் கூடாதுன்னா: பத்து தடவை கூப்பிட்டு ஒன்பது தடவை மறுத்து, பத்தாவது தடவை இரக்கப்பட்டுப் போனா, "பத்து தடவை முயற்சி பண்ணணும்"னுதான் அவர் கத்துக்குவார். அடுத்த தடவை பதினொண்ணு வரைக்கும் போவார். இடைஇடையே கிடைக்கிற பலன்தான் ஒரு பழக்கத்தை ரொம்ப நாள் உயிரோட வைக்கும். முழுசா நின்னாலும் முதல் சில வாரம் குறையாது, கூடும். இரவு ரெண்டு மணிக்குப் போன், அத்தை மூலமா தூது, குலதெய்வக் கோவில் பிரசாதம், "மாறிட்டேன், கவுன்சிலிங் போறேன்"னு கடிதம். இது வரும்னு முன்னாடியே அவளுக்குச் சொல்லி வையுங்க. எதிர்பார்த்தது வந்தா அவ்வளவா ஆட்டாது.

தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும். அதை நீங்க முதல்ல படிச்சுட்டு, பதில் சொல்ல வேண்டியதை மட்டும் அவளுக்குச் சொல்லுங்க. சேர்ந்த அன்னைக்கு ஒரே மெசேஜ்: "நானும் பாப்பாவும் பாதுகாப்பா இருக்கோம். நான் திரும்பி வரப்போறதில்லை. பாப்பா சம்பந்தமா மட்டும் இந்த மெயிலுக்கு எழுதுங்க. மத்தது வக்கீல் மூலமா." காரணம் ஒண்ணும் எழுதக் கூடாது. காரணம் சொன்னா அதை மறுக்க வழி கிடைக்கும், பேரம் தொடங்கிடும். "பாப்பாவுக்குப் பிடிச்ச ராகி பிஸ்கட் வாங்கி வச்சிருக்கேன், எடுத்துட்டு வரட்டா?"ன்னு மெயில் வந்தா பதில்: "ஞாயிறு 11 மணிக்கு வீடியோ கால்." அவ்வளவுதான். நன்றியும் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

உறவுக்காரங்களுக்கும் ஒரே வரி, வீட்ல எல்லாரும் அதே வரி: "அவ நல்லா இருக்கா, பேச வேண்டியதை வக்கீல் பேசுவார்." யாராவது ஒருத்தர் "அவளுக்குக்கூட உள்ளுக்குள்ள ஆசை இருக்கு"ன்னு சொல்லிட்டா, மறுபடி மூணு மாசம் தூது நடக்கும்.

இவளுக்கே ஏங்கும், அதையும் எதிர்பாருங்க. நல்ல நாட்கள் மட்டும் ஞாபகம் வரும், பெரும்பாலும் பாப்பா தூங்கின பிறகு. கிளம்புறதுக்கு முன்னாடியே, நடந்ததை அவ கையெழுத்துல ரெண்டு பக்கம் எழுதி உங்ககிட்ட கொடுக்கச் சொல்லுங்க. தன் ஞாபகத்தை நம்பாத ஒருத்திக்கு, தன் கையெழுத்தை நம்பறது சுலபம்.

---

நூல்கண்டு

படங்கள்: மிரட்டல் வந்தா அழிச்சுடாதீங்க, அதுதான் ஆதாரம். 1930 அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்துல புகார். அனுமதியில்லாம அந்தரங்கப் படத்தைப் பரப்புறது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 77, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ, 67ஏ பிரிவுகள்ல வரும், கணவன்ங்கிறதால விலக்கு இல்ல. படம் இவ கையிலயும் இருந்தா, ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. தளத்துல அதை முன்கூட்டியே பதிவு செய்யலாம். படம் போனை விட்டுப் போகாது, அதோட அடையாள எண் மட்டும்தான் போகும். அதுல சேர்ந்திருக்கிற சமூக வலைத்தளங்கள் அந்தப் படம் ஏறாம தடுக்கும்.

---

தாழை

மகளிர் காவல் நிலையம் பற்றி. அங்கே வழக்கமாக முதலில் செய்வது இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதுதான். இப்படிப்பட்டவர் அந்த நாற்காலியில் மிக நன்றாக அழுவார், மூத்த காவலர்களே "ஒரு வாய்ப்பு கொடும்மா" என்பார்கள். அடி, கொலை மிரட்டல் இருந்தால் கட்டாயம் போங்கள். உங்கள் நிலையில் பாதுகாப்பு அலுவலர் முதலில், காவல் நிலையம் அடுத்து. புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள். "இருவரும் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் வீட்டில் தங்க முடியாத நிலை வந்தால், சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். பிறகு வேலை கிடைத்ததும் வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி திருச்சியில் உண்டு.

ஆனால் ஒரு காரணத்துக்காகக் காவல் துறைக்கு முதல் நாளே எழுத வேண்டும். அவர் "மனைவியையும் குழந்தையையும் காணவில்லை" என்று ஈரோட்டில் புகார் கொடுப்பார். காவல் துறை போன் கோபுரத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, "கிடைத்துவிட்டார்" என்று அவருக்கே தகவல் சொல்லிவிடும்.

---

காவிரிக்கரை

அந்தக் கடிதத்துல என்ன எழுதணும்?

---

தாழை

ஒரு பக்கம் போதும், அவள் கையெழுத்தில்:

"ஐயா, நான் (பெயர், வயது 29) என் 3 வயது மகளுடன், என் சுயவிருப்பத்தின் பேரில் (தேதி) அன்று கணவர் வீட்டை விட்டு வெளியேறி, என் அக்காவின் பாதுகாப்பில் தங்கியுள்ளேன். யாரும் என்னைக் கடத்தவோ வற்புறுத்தவோ இல்லை. கணவரின் உணர்வுரீதியான, பொருளாதாரரீதியான கொடுமையே காரணம். இது குறித்துப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்க உள்ளேன். என்னைக் காணவில்லை என்று புகார் வந்தால், கீழ்க்கண்ட எண்ணில் என்னை நேரடியாக அழைக்கவும். வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறேன். என் இருப்பிடத்தையும் எண்ணையும் கணவருக்கோ அவர் குடும்பத்துக்கோ தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

மூன்று நகல் எடுங்கள். திருச்சியில் உங்கள் பகுதி மகளிர் காவல் நிலையத்தில் நேரில் ஒன்று, உங்கள் கையில் இருக்கும் நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று ஈரோடு எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த நகலின் உறையில் அனுப்புநர் முகவரியாக வக்கீல் அலுவலகம் இருக்கட்டும். ஈரோட்டில் இருந்து போன் வந்தால் அவள்தான் எடுத்துப் பேச வேண்டும். நீங்கள் பேசினால், அவளைப் பேச விடாமல் வைத்திருப்பதாக அவர் சொல்ல இடம் கொடுக்கும். நேரில் வரச் சொன்னால் திருச்சி நிலையத்திலேயே வாக்குமூலம் கொடுப்பதாகச் சொல்லி, அன்று வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள்.